காத்திருப்போர் பட்டியலும் கைவிடாத நாட்டமும்

மேல்நிலைத் தேர்வின் முடிவுகள் வெளிவந்தவுடன் சேலம், நாமக்கல் சமவெளியெங்கும் பேச்சு ஒன்றாகிவிடுகிறது. குமாரபாளையத்து விசைத்தறிக் கூடங்களிலும், நாமக்கல்லின் லாரிப் பட்டறைகளிலும், செவ்வாய்ப்பேட்டையின் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளிலும், ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளிலும் "பிள்ளைக்கு எங்கே இடம் கிடைத்தது?" என்பதே முதல் வினாவாக இருக்கிறது. கிடைத்தவர் மகிழ்வர், கிடைக்காதவர் வேறு வழி காண்பர். இவ்விருவருக்கும் இடையே மூன்றாம் வகையினர் உளர். அவர்களது விண்ணப்பம் ஏற்கப்படவுமில்லை, தள்ளப்படவுமில்லை; முடிவு பின்னொரு நாளுக்கு ஒத்திவைக்கப்பட்டுள்ளது. காத்திருப்போர் பட்டியலில் பெயர் இருக்கிறது. இவர்கள் செய்யத்தக்கது யாது, தவிர்க்கத்தக்கது யாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இது சிறிய செய்தியன்று. முதற்பட்டியலில் பெயர் இல்லை என்ற ஒரே காரணத்தால் மகனைத் தறியில் அமர்த்திவிடும் தந்தையரும், மகளின் படிப்பு இத்துடன் போதும் என்று முடிவு கட்டிவிடும் குடும்பங்களும் இன்றும் நம்மிடையே உண்டு. இரண்டாம் பட்டியலில் அப்பிள்ளையின் பெயர் வரும்போது அதனைப் பார்க்க ஆளிருப்பதில்லை. அழைப்பு வந்த நாளில் வராதவருடைய இடம் அடுத்தவருக்குப் போய்விடுகிறது. மதிப்பெண் குறைவால் இழந்த இடத்தைவிட, அறியாமையால் இழந்த இடமே நெஞ்சை வருத்துவது.

ஒத்திவைப்பு என்பதன் பொருள்

காத்திருப்போர் பட்டியல் என்னும் சொற்றொடரை நம் மக்களுக்குக் கற்பித்தது இரயில்வே துறை எனலாம். சேலம் சந்திப்பில் பயணச்சீட்டு முன்பதிவு செய்பவர், தமக்கு முன்னே எத்தனை பேர் உள்ளனர் என்று எண்ணிப் பார்க்கிறார். முன்னவர் பயணத்தைக் கைவிட்டால் தம் எண் முன்னேறும் என்பதை அறிந்திருக்கிறார். அவ்வாறு அறிந்தவரே, தம் பிள்ளையின் கல்லூரி விண்ணப்பம் அதே நிலையில் இருக்கும்போது அதனை மறுப்பு என்று கருதிவிடுகிறார். மறுப்பு வேறு, ஒத்திவைப்பு வேறு. ஒத்திவைப்பு என்பது, 'உனக்குத் தகுதி உண்டு; உனக்கு முன்னுள்ளோர் தம் முடிவைச் சொல்லும்வரை பொறுத்திரு' என்று கல்லூரி கூறும் செய்தியாகும்.

முன்னுள்ளோர் ஏன் விலகுகின்றனர்? நன்கு படித்த மாணவர் ஒருவர் ஒரே கோடையில் மருத்துவம், கால்நடை மருத்துவம், வேளாண்மை, பொறியியல், கலை அறிவியல் எனப் பல வாயில்களைத் தட்டுகிறார். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கும், சேலம் அரசு பொறியியற் கல்லூரிக்கும், தம் ஊருக்கு அண்மையிலுள்ள அரசு கலைக் கல்லூரிக்கும் ஒருவரே விண்ணப்பித்திருப்பது வியப்பன்று. இறுதியில் அவர் அமரப்போவது ஓர் இருக்கையில்தான்; ஏனையவை ஒவ்வொன்றாகக் காலியாகும். கலை அறிவியல் கல்லூரிகளில் சேர்க்கை முதலில் நடைபெறுகிறது. பொறியியல் கலந்தாய்வு பின்னர் வருகிறது. 2017 முதல் நீட் தேர்வின் வழியே நடைபெறும் மருத்துவச் சேர்க்கை பெரும்பாலும் அதற்கும் பின்னர் நீள்கிறது. மேலே ஓரிடம் அசைந்தால் கீழே பல இடங்கள் அசைகின்றன. ஆதலால் ஜூன் மாதத்தில் நிறைந்து தோன்றும் வகுப்பில் ஆகஸ்ட் மாதத்தில் இடம் இருப்பதுண்டு.

அயல்நாட்டு வழக்கம்

இத்தகைய காத்திருப்பின்போது மாணவர் தம் நாட்டத்தைத் தெரிவிக்கும் முறை நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் முன்கூட்டியே விண்ணப்பிக்கும் வழி ஒன்றுண்டு. நவம்பர் மாதத்தில் விண்ணப்பித்தோர்க்குப் பெரும்பாலும் டிசம்பரில் விடை வரும். சிலருக்கு ஏற்பு, சிலருக்கு மறுப்பு, சிலருக்கு ஒத்திவைப்பு. ஒத்திவைக்கப்பட்டவரின் விண்ணப்பம் வசந்த காலத்தில் மற்ற விண்ணப்பங்களோடு மீண்டும் ஆராயப்படும். இடைப்பட்ட காலத்தில் மாணவர், 'எனக்கு இன்னமும் இக்கல்லூரியிலேயே விருப்பம்' என்று உறுதிகூறி, விண்ணப்பித்த பின் தாம் பெற்ற மதிப்பெண்களையும் செய்த பணிகளையும் சேர்த்து ஒரு கடிதம் எழுதுவர். அதனைத் தொடர் நாட்டக் கடிதம் எனலாம். அங்கே விண்ணப்பத்தை ஒரு குழுவினர் படித்து, மாணவரின் இயல்பையும் எடைபோட்டு முடிவு செய்வதால் அக்கடிதத்துக்கு ஓரளவு பயன் உண்டு. எனினும், மேற்கொண்டு எதுவும் அனுப்ப வேண்டா என்று அறிவித்துவிடும் பல்கலைக்கழகங்களும் அங்கே உள்ளன. அறிவிப்பைப் படித்து அதன்படி நடப்பதே முதற்கடமை என்பது அங்கும் பொருந்துகிறது.

நம் நாட்டில் நிலைமை வேறு. இங்குப் பெரும்பாலான இடங்கள் தரவரிசையாலும் இடஒதுக்கீட்டு விதிகளாலும் நிரப்பப்படுகின்றன. மனிதர் படித்து மனமிரங்கும் கடிதத்துக்கு அங்கே இடமில்லை. அப்படியாயின் நாட்டத்தைக் காட்டுவது எவ்வாறு? உரிய நாளில் உரிய செயலைச் செய்வதே அதற்கு வழி. இதனைப் பொறியியல் கலந்தாய்வில் தெளிவாகக் காணலாம்.

பொறியியல் கலந்தாய்வு

தமிழ்நாட்டில் தொழிற்கல்விச் சேர்க்கை பல படிகளைக் கடந்து வந்துள்ளது. 1984இல் நுழைவுத்தேர்வு வந்தது. 1997இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் வழி ஒற்றைச் சாளர முறை தொடங்கியது. 2007-08 கல்வியாண்டு முதல் நுழைவுத்தேர்வு நீங்கி மேல்நிலைத் தேர்வு மதிப்பெண்ணே அடிப்படையாயிற்று. 2018இல் கலந்தாய்வு இணையத்துக்கு மாறியது. 2019 முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் அதனை நடத்தி வருகிறது. முன்னர்ச் சென்னைக்குச் சென்று, திரையில் ஓடும் காலியிட எண்ணிக்கையைப் பார்த்து, ஒரே அமர்வில் இடத்தைத் தேர்ந்த மாணவர், இப்போது வீட்டிலிருந்தோ உதவி மையத்திலிருந்தோ தம் விருப்பங்களை வரிசைப்படுத்திப் பதிவு செய்கிறார்.

கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200க்குக் கணக்கிடப்படும் மதிப்பெண்ணே தரவரிசையை முடிவு செய்கிறது. இருவர் ஒரே மதிப்பெண் பெற்றால் கணிதத்தில் மிகுதியாகப் பெற்றவர் முன்னே நிற்பார். அதிலும் ஒத்திருப்பின் இயற்பியல் நோக்கப்படும். இவ்வாறே சென்று பிறந்த நாளும், இறுதியாகச் சமவாய்ப்பு எண்ணும் முடிவு கூறும். இந்த வரிசையில் எவருடைய பரிந்துரைக்கும் புகுவதற்கு இடைவெளி இல்லை.

2022 முதல், தற்காலிக ஒதுக்கீடு பெற்ற மாணவர் சில வழிகளுள் ஒன்றைத் தேர்ந்து உறுதிசெய்ய வேண்டும் என்னும் முறை வந்தது. கிடைத்த இடத்தை ஏற்று அக்கல்லூரியிலேயே சேர்ந்துவிடுவது ஒன்று. கிடைத்த இடத்தை ஏற்றுக்கொண்டு, அதற்கு மேலே தாம் குறித்த விருப்பங்களுக்காகக் காத்திருப்பது இரண்டாவது. கிடைத்ததை மறுத்து, மேலுள்ள விருப்பங்களுக்கு மட்டும் காத்திருப்பது மூன்றாவது. அடுத்த சுற்றுக்குச் செல்வதும், முற்றிலும் விலகுவதும் ஏனையவை.

இவற்றுள் இரண்டாவது வழியே, ஒத்திவைப்பில் இருந்துகொண்டு நாட்டத்தைக் கைவிடாமை என்பதன் நேரான வடிவம். இரயிலில் படுக்கை உறுதியாகாவிடினும் அமர்வதற்கு இருக்கை தரும் ஆர்.ஏ.சி. சீட்டை இதற்கு ஒப்பிடலாம். கையில் ஓர் இருக்கை உண்டு. மேலே இடம் காலியானால் அது தானே கிடைக்கும். ஆனால் இவ்வழியைத் தேர்ந்தவர் குறித்த நாளுக்குள் உதவி மையத்தில் கட்டணம் செலுத்த வேண்டும். மேல்விருப்பம் கிடைத்துவிட்டால் முன்னர் ஏற்ற இடம் நீங்கிவிடும். 'பழையதே நன்று' என்று பின்னர் திரும்ப இயலாது. மூன்றாவது வழி துணிவுடையோர்க்கு உரியது. மேலிடம் அசையாவிடில் கையில் ஒன்றும் இராது. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் மாணவர் ஆராயாமல் அதனைத் தேர்தல் கூடாது.

இங்கே நுண்ணிய செய்தி ஒன்றுண்டு. மேல்நோக்கிய நகர்வு என்பது, மாணவர் தம் விருப்பப் பட்டியலில் மேலே எழுதிய இடங்களை மட்டுமே நோக்கும். நான்காவதாக எழுதியது கிடைத்தால் முதல் மூன்றுக்கு மட்டுமே வாய்ப்பு, ஐந்தாவது மறக்கப்பட்டுவிடும். ஆதலின் பொறியியல் சேர்க்கையில் மாணவரின் உண்மையான நாட்டக் கடிதம் அவர் எழுதும் விருப்ப வரிசையே ஆகும். 'கிடைக்காது' என்று எண்ணி விரும்பிய கல்லூரியைக் கீழே எழுதுவதும், அண்டை வீட்டார் சொன்னார் என்று விரும்பாததை மேலே எழுதுவதும் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்வதாகும். இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களின் சேர்க்கையை 2015 முதல் நடத்திவரும் கூட்டு அமைப்பிலும் ஃப்ரீஸ், ஃப்ளோட், ஸ்லைடு என்னும் பெயர்களில் இத்தகைய வழிகளே உள்ளன. முதலாவது கிடைத்ததில் நிலைத்தல். இரண்டாவது எக்கழகத்திலேனும் மேல்விருப்பத்துக்குக் காத்திருத்தல். மூன்றாவது அதே கழகத்துள் மேலான பாடப்பிரிவுக்குக் காத்திருத்தல்.

மேல்நிலைத் தேர்வில் தவறித் துணைத் தேர்வில் வென்றவர்க்குத் துணைக் கலந்தாய்வு நடத்தப்படுவதையும் மாணவர் அறிதல் வேண்டும். மறுகூட்டலும் மறுமதிப்பீடும் மதிப்பெண்ணை மாற்றவல்லவை. ஓரிரு மதிப்பெண்களால் தரவரிசையில் நூற்றுக்கணக்கான இடங்கள் மாறுவதுண்டு.

கலை அறிவியல் கல்லூரிகள்

அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு 2020 முதல் இணையவழியே விண்ணப்பம் பெறப்படுகிறது. எனினும் கலந்தாய்வு அந்தந்தக் கல்லூரியிலேயே, தரவரிசைப்படி அழைத்து நடத்தப்படுகிறது. முதலில் சிறப்புப் பிரிவினர், பின்னர்ப் பொதுப் பிரிவினர் எனப் பல கட்டங்களாக அது நிகழும். தமிழ் இலக்கியப் பட்ட வகுப்புக்குத் தமிழ்ப் பாட மதிப்பெண்ணைக் கொண்டும், ஆங்கில இலக்கியத்துக்கு ஆங்கில மதிப்பெண்ணைக் கொண்டும் தனித் தரவரிசை அமைகிறது. ஆகவே பொதுத் தரவரிசையில் பின்தங்கிய மாணவர் தமிழ்த் தரவரிசையில் முன்னிற்கக்கூடும். தம் பெயர் எந்தெந்தப் பட்டியலில் எங்கே நிற்கிறது என்பதை முழுமையாகப் பார்க்காமல் திரும்புதல் தவறு.

இடஒதுக்கீட்டுப் பட்டியலையும் இவ்வாறே நோக்க வேண்டும். தமிழ்நாட்டின் 69 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் பிற்படுத்தப்பட்ட வகுப்பு முஸ்லிம்களுக்கு 2007 முதல் 3.5 விழுக்காடு தனியே அளிக்கப்படுகிறது. தகுதியுள்ள மாணவர் முதலில் பொதுப் போட்டியிலும், அதில் இடம் பெறாவிடில் தம் வகுப்புக்குரிய ஒதுக்கீட்டிலும் கருதப்படுவர். பொதுப் பட்டியலில் பெயர் இல்லை என்று மனம் தளர்ந்து போன மாணவரை வகுப்புவாரிப் பட்டியல் அழைத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் சாதிச் சான்றிதழ் கையில் இல்லையேல் அந்த அழைப்பால் பயனில்லை. கலந்தாய்வு நாளன்று வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஓடுவதைவிட, தேர்வு எழுதிய விடுமுறையிலேயே இ-சேவை மையத்தின் வழி அதனையும், பொருந்துவோர் முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழையும் பெற்றுவைத்தல் அறிவுடைமை.

அரசு உதவிபெறும் கல்லூரிகளிலும் சுயநிதிக் கல்லூரிகளிலும் அலுவலகமே பட்டியலை நடத்துகிறது. அங்கே ஒரு கடிதம் பயன்தரும். காத்திருப்போர் பலருள் யார் இன்னும் சேர விரும்புகின்றனர், யார் வேறிடம் சென்றுவிட்டனர் என்பதை அலுவலகம் அறிந்துகொள்ள அது உதவும். அக்கடிதம் சுருக்கமாகவும் பணிவாகவும் உண்மையாகவும் அமைய வேண்டும். மாதிரி ஒன்று வருமாறு:

"மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு, வணக்கம். தங்கள் கல்லூரியில் இளங்கலைத் தமிழ் வகுப்பில் சேர விண்ணப்பித்துள்ளேன். என் விண்ணப்ப எண் ...... ; காத்திருப்போர் பட்டியலில் என் வரிசை எண் ...... . இவ்வகுப்பில் சேரும் விருப்பம் எனக்கு இன்றும் மாறாமல் உள்ளது. மறுமதிப்பீட்டில் என் தமிழ் மதிப்பெண் ...... ஆக உயர்ந்துள்ளது, அதன் படியை இணைத்துள்ளேன். இடம் ஏற்படின் அழைப்பு கிடைத்த மறுநாளே அசல் சான்றிதழ்களுடனும் கட்டணத்துடனும் வந்து சேர அணியமாக உள்ளேன். என்னைத் தொடர்பு கொள்ளும் எண் ...... . தங்கள் உண்மையுள்ள, ......"

இதில் குடும்பத்தின் துயரக் கதை இல்லை. பெரிய மனிதர் எவருடைய பெயரும் இல்லை. அலுவலகத்துக்கு வேண்டிய செய்தி மட்டுமே உள்ளது. மறுமதிப்பீடு செய்யாதவர் அவ்வரியை விட்டுவிடலாம். இக்கடிதத்தை ஒருமுறை கொடுத்தால் போதும். நாள்தோறும் அலுவலக வாயிலில் நிற்பது நாட்டத்தைக் காட்டாது. பணிபுரிவோரின் பொறுமையையே சோதிக்கும். அதற்கு மாறாக, அறிவிப்புப் பலகையையும் கல்லூரியின் இணையப் பக்கத்தையும் தவறாது பார்ப்பதும், கொடுத்த தொலைபேசி எண்ணை மாற்றாதிருப்பதும், அறியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தாலும் எடுப்பதும் இன்றியமையாதவை. தந்தை லாரி ஓட்டி வெளிமாநிலம் சென்றிருக்க, அவரது எண்ணை மட்டும் கொடுத்துவிட்டு வீட்டிலிருக்கும் மாணவர் அழைப்பை இழப்பது எளிதில் நேரக்கூடியது. வீட்டில் இருப்பவர் எண் ஒன்றையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

கையில் ஓர் இடம்

காத்திருக்கும் காலத்தில் வெறுங்கையோடு இருத்தல் ஆகாது. கிடைத்த வேறு கல்லூரியில் சேர்ந்து படித்துக்கொண்டே விரும்பிய இடத்துக்குக் காத்திருக்கலாம். இங்கே பெற்றோரை அச்சுறுத்துபவை இரண்டு: கட்டிய பணம் திரும்புமா, கொடுத்த சான்றிதழ் கிடைக்குமா?

பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட அறிவிப்பின்படி, கல்லூரிகள் மாணவரின் அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் திருப்பித் தர வேண்டும். அவற்றைப் பிணையாக வைத்துக்கொள்ளக் கூடாது. சேர்க்கையின் இறுதி நாளுக்கு 15 நாள் அல்லது அதற்கு முன்னரே விலகுவோர்க்கு, 5 விழுக்காட்டுக்கும் 5,000 ரூபாய்க்கும் மிகாத செலவு நீங்கலாகக் கட்டணம் முழுவதும் திருப்பித் தரப்பட வேண்டும். நாள் செல்லச் செல்ல அத்தொகை 90, 80, 50 விழுக்காடு எனக் குறையும். இறுதி நாளுக்குப் பின் 30 நாள் கடந்தால் ஒன்றும் கிடைக்காது. சில ஆண்டுகளில் தனி அறிவிப்புகளால் இக்காலம் நீட்டிக்கப்பட்டதும் உண்டு. எனவே விலகுவோர் வாய்மொழியாகச் சொல்லி நின்றுவிடாமல், நாளிட்டு எழுதிக் கொடுத்து அதன் படியில் ஒப்பம் பெற்றுக்கொள்ள வேண்டும். பணம் செலுத்திய பற்றுச்சீட்டும், சான்றிதழ்களின் படிகளும் எப்போதும் கைவசம் இருத்தல் வேண்டும்.

பரிந்துரையும் நன்கொடையும்

காத்திருப்போர் பட்டியலில் பெயர் வந்தவுடன் நம் பெரியோர் பலர் செய்யும் முதற்செயல் பரிந்துரைச் சீட்டுத் தேடுவது. அன்பினால் செய்வதே எனினும் அதன் விளைவை எண்ணிப் பார்க்க வேண்டும். தரவரிசை முறையில் அச்சீட்டுக்கு ஆற்றல் இல்லை. ஆற்றல் உள்ள இடத்திலோ, அது இன்னொரு பிள்ளையின் வரிசையை வெட்டுகிறது. அந்த இன்னொரு பிள்ளைக்குப் பரிந்துரைக்க ஆளில்லை என்பதே அதன் குற்றமாகிவிடுகிறது. பரிந்துரையால் இடம் பெற்ற மாணவரும் தம் உழைப்பில் நம்பிக்கை வைக்கக் கற்பதில்லை.

பரிந்துரைக்கு அடுத்து வருவது நன்கொடைப் பேச்சு. கட்டாய நன்கொடை பெறுவதைத் தமிழ்நாடு அரசு 1992இலேயே சட்டமியற்றித் தடை செய்தது. "பட்டியலில் முன்னே நகர்த்தித் தருகிறேன்" என்று பணம் கேட்கும் இடைத்தரகரிடம் நகையை அடகு வைத்துப் பணம் தந்தவர், இடமும் பணமும் இழந்து நிற்பதுண்டு. வரிசை நகர்வது முன்னுள்ளோர் விலகுவதால்தான். எந்தத் தரகராலும் அதனை நகர்த்த இயலாது.

பெரியோர் உதவ விரும்பினால் அதற்கு வேறு வழிகள் உள்ளன. தொழுகை முடிந்து கூடும் இடத்திலும், தெருச் சங்கத்திலும், பழைய மாணவர் மன்றத்திலும் கலந்தாய்வு நாள்களை அறிவிக்கலாம். விருப்பப் பட்டியல் நிரப்பத் தெரிந்த பட்டதாரி இளைஞர் இருவரை மாலை வேளையில் அமர்த்தலாம். அழைப்பு வந்தும் முதற்கட்டணம் புரட்ட இயலாத குடும்பத்துக்குக் கைம்மாற்றாக உதவலாம். மகளைத் தனியே சேலத்துக்கோ நாமக்கல்லுக்கோ அனுப்பத் தயங்கும் தாய்க்குத் துணையாக ஒருவர் செல்லலாம். ஓர் இடம் கைநழுவாமல் காக்க இவ்வளவே போதுமானதாக அமைவதுண்டு.

நிறைவாக

மாணவச் செல்வங்களே! காத்திருத்தல் என்பது சும்மா இருத்தல் அன்று. பட்டியலை நாள்தோறும் பார்த்தல், சான்றிதழ்களை ஒழுங்குபடுத்தல், விருப்பத்தை உண்மையாக வரிசைப்படுத்தல், குறித்த நாளில் உறுதிசெய்தல், அழைத்தபோது நேரில் நிற்றல் ஆகிய அனைத்தும் சேர்ந்ததே நாட்டம். இவ்வளவும் செய்து இடம் கிடைக்காமலும் போகலாம். அப்போதும் கையில் உள்ள இடத்தில் ஊன்றிப் படிப்பவர் எதையும் இழப்பதில்லை. இளங்கலையில் விரும்பிய கல்லூரி கிடைக்காதவர்க்கு முதுகலையில் மீண்டும் ஒரு தரவரிசை உண்டு. அப்போது நோக்கப்படுவது இம்மூன்றாண்டுகளில் அவர் பெறும் மதிப்பெண்ணே.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். கடைசிக் கலந்தாய்வு முடிந்து, கடைசிப் பட்டியல் ஒட்டப்பெறும்வரை, பிள்ளையின் படிப்பு குறித்து முடிவு எதுவும் செய்யாதீர்கள். தறி எங்கும் போய்விடாது. பட்டறையும் எங்கும் போய்விடாது. கல்லூரியில் காலியாகும் ஓர் இடம் மட்டும், அழைத்த நாளில் வராதவர்க்காகக் காத்திருப்பதில்லை.